எழுதியது உண்மைதான், கோர்ட்டில் எந்த வாதத்தில் நிற்பது?

பதவியில் இருக்கும் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வருகிறது. கட்டுரையில் உள்ளவை அனைத்தும் பொய், ஏழு நாளில் நிபந்தனையின்றி மன்னிப்பு கேட்க வேண்டும், தவறினால் அவதூறு வழக்கு என்று அதில் இருக்கிறது. படித்ததும் நேர்மையாக எழுதுகிறவர் வாயில் முதலில் வருவது, "நான் எழுதியது உண்மை, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான். அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கோபம் ஆறுவதற்குள் பதில் எழுதி அனுப்பிவிடக் கூடாது. உண்மை என்பது கோர்ட்டில் ஒரு வாதம். அதற்குப் பக்கத்தில் வேறு வாதங்களும் இருக்கின்றன. எதில் நிற்கிறோம் என்பதை வைத்தே வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். எழுதியது உண்மை என்று நிரூபிக்கலாம். அது என் கருத்து என்று சொல்லலாம். பொதுநலனுக்காக, போதுமான அளவு சரிபார்த்து எழுதினேன் என்று நிற்கலாம். தவறிய இடத்தைத் திருத்திச் சமரசம் செய்துகொள்ளலாம். சட்டமன்றத்தில் பேசியதையோ நீதிமன்றத்தில் நடந்ததையோ துல்லியமாக, பாரபட்சமில்லாமல் செய்தியாக்கியிருந்தால் அதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. உங்கள் கட்டுரை அதற்குள் அடங்கினால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. பலரும் அதைக் கேட்காமலே தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் எழுதியதற்கு என்ன அர்த்தம்? எழுதும்போது உங்கள் மனதில் இருந்தது எது என்று கோர்ட் கேட்காது. சாதாரண வாசகர் ஒருவர் படித்தால் என்ன புரிந்துகொள்வார் என்று பார்க்கும். இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதை மூன்று படியாகப் பிரிக்கின்றன. ‘இவர் லஞ்சம் வாங்கினார்’ என்பது மேல்படி. ‘வாங்கியிருப்பார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் உண்டு’ என்பது நடுப்படி. ‘விசாரிக்க வேண்டிய அளவுக்குக் காரணம் உண்டு’ என்பது கீழ்ப்படி. எந்தப் படியில் எழுதினீர்களோ அந்தப் படிக்குத் தகுந்த ஆதாரம் கையில் வேண்டும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம். ‘சாலை ஒப்பந்தத்தில் அமைச்சர் தன் கைவரிசையைக் காட்டிவிட்டார்’ என்று எழுதினால், அவர் பணம் வாங்கினார் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். அது மேல்படி. இதையே இப்படி எழுதலாம்: ‘ஒப்பந்தம் கிடைத்த நிறுவனத்தில் அமைச்சரின் மைத்துனர் பங்குதாரர். டெண்டர் போட்ட மூவரில் இருவர் கடைசி நாளில் விலகினார்கள். இது பற்றி அமைச்சருக்குக் கேள்வி அனுப்பினோம், பதில் வரவில்லை.’ இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது: நிறுவனப் பதிவு, டெண்டர் கோப்பு, அனுப்பிய மின்னஞ்சல். வாசகருக்குச் சந்தேகம் வரும், வரட்டும். நீங்கள் நிரூபிக்க வேண்டியது கீழ்ப்படியோ நடுப்படியோதான்.

‘லஞ்சம் வாங்கினார் என்று கட்சிக்காரர்களே பேசிக்கொள்கிறார்கள்’ என்று எழுதித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். பேசிக்கொண்டார்கள் என்று நூறு சாட்சிகளை நிறுத்தினாலும் பயனில்லை. அடுத்தவர் சொன்னதைத் திரும்பச் சொன்னாலும், சொன்ன விஷயத்தையே நிரூபிக்க வேண்டும் என்பதுதான் பொது விதி.

சரி, உண்மை என்ற வாதத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் இந்த வாதமே கிடையாது. ஆட்சியாளரைப் பற்றி எழுதியது உண்மையாக இருந்தால் குற்றம் இன்னும் பெரிது என்றுதான் பழைய ஆங்கிலச் சட்டம் பார்த்தது. 1735இல் நியூயார்க்கில் ஆளுநர் காஸ்பியைத் தாக்கிய பத்திரிகையை அச்சிட்ட ஜான் பீட்டர் ஜெங்கரை, அந்தச் சட்டத்தையும் மீறி ஜூரி விடுதலை செய்தது. உண்மையை எழுதியவனைத் தண்டிக்கக் கூடாது என்று அவருடைய வக்கீல் ஆண்ட்ரூ ஹாமில்டன் ஜூரியிடம் நேரடியாகக் கேட்டார், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இன்று சிவில் வழக்கில் உண்மை முழுப் பாதுகாப்பு. சின்னச் சின்னப் பிழைகள் இருந்தாலும் சாரம் உண்மையாக இருந்தால் போதும். நற்பெயருக்கு உரிமை உண்டு. இல்லாத நற்பெயருக்கு நஷ்டஈடு கேட்க உரிமை இல்லை. இந்த வாதத்தில் ஜெயித்தால் உங்கள் எழுத்துக்குக் கோர்ட்டே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி. மற்ற எந்த வாதத்திலும் அந்த நிறைவு கிடையாது.

கிடைப்பது பெரிது என்பதால் விலையும் பெரிது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் தலையில். வழக்குப் போட்டவர் ‘இது பொய்’ என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பொய் என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் மட்டும் நிலைமை தலைகீழ். பொது அக்கறைக்குரிய விஷயத்தில் ஊடகத்தின் மேல் வழக்குப் போட்டால், அது பொய் என்று வழக்குப் போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1986இல் ஹெப்ஸ் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தச் சுமை எவ்வளவு கனமானது என்பதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். சைக்கிள் பந்தய வீரரான அவர் ஊக்கமருந்து எடுத்தாரா என்ற சந்தேகத்தை 2004இல் லண்டன் சண்டே டைம்ஸ் எழுதியது. அவர் வழக்குப் போட்டார். 2006இல் பத்திரிகை 3 லட்சம் பவுண்ட் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. எழுதியவர்கள் பக்கம் உண்மை முதல் நாளிலிருந்தே இருந்தது. கோர்ட்டில் வைக்கிற மாதிரி இல்லை, அவ்வளவுதான். இங்கிலாந்து அரசியல்வாதி ஜெஃப்ரி ஆர்ச்சர் 1987இல் டெய்லி ஸ்டார் பத்திரிகை மேல் வழக்குப் போட்டு 5 லட்சம் பவுண்ட் நஷ்டஈடு வாங்கினார். அந்த வழக்கில் பொய் சொன்னதற்காக 2001இல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பதினான்கு வருஷம் அந்தப் பத்திரிகை தோற்ற பத்திரிகையாகத்தான் இருந்தது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ஜோனதன் எய்ட்கன் என்ற பிரிட்டிஷ் அமைச்சர் 1993இல் பாரிஸில் ரிட்ஸ் ஹோட்டலில் தங்கியதற்கான பில்லைச் சவுதி நண்பர் ஒருவரின் தரப்பு கட்டியது என்று கார்டியன் எழுதியது. என் மனைவிதான் கட்டினார் என்றார் அமைச்சர். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே பழைய விமானப் பயணப் பதிவுகளும் ஜெனீவாவில் கார் வாடகைக்கு எடுத்த பதிவும் கிடைத்தன. அந்த நேரத்தில் மனைவி பாரிஸிலேயே இல்லை. 1997 ஜூனில் வழக்கு நொறுங்கியது. 1999இல் பொய்ச் சாட்சியத்துக்காக அவருக்குப் பதினெட்டு மாதச் சிறை. எனக்கு இதில் சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகம். அந்த வாடகைக் காகிதத்தை யாரோ எடுத்து வைத்திராமல், காலாவதி என்று எறிந்திருந்தால்?

அதிர்ஷ்டத்தை நம்பாமல் உண்மை வாதத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்பதற்கு, நாஜி ஜெர்மனி பற்றிப் புத்தகங்கள் எழுதிய டேவிட் இர்விங்கின் வழக்கைப் பார்க்கலாம். யூதப் படுகொலையை மறுப்பவர் என்று வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் தன்னைப் பற்றி எழுதியதாக அவர் மேலும் பெங்குவின் பதிப்பகத்தின் மேலும் இர்விங் வழக்குப் போட்டார். வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் எவன்ஸ் தன் உதவியாளர்களோடு இர்விங்கின் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூல ஜெர்மன் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு வருட வேலை. எங்கே சொல் திரிந்தது, எங்கே தேதி மாறியது, எங்கே வேண்டாத வரி விடுபட்டது என்று காட்டினார்கள். 2000 ஏப்ரலில் நீதிபதி கிரே லிப்ஸ்டாட் பக்கம் தீர்ப்பளித்தார். சில துணைக் குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை என்றும், மையக் குற்றச்சாட்டு நிற்பதால் அவற்றால் பாதிப்பில்லை என்றும் சொன்னார். இவ்வளவு செய்ய ஒரு பெரிய பதிப்பகம் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. தோற்ற இர்விங் பிறகு திவாலானார். செலவைத் திரும்ப வாங்குவதே கஷ்டம்.

காகிதம் ஒன்றே ஆதாரம் என்று இதைப் படித்து யாரும் சோர்ந்துவிட வேண்டாம். தன் மேல் பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு சொன்னதற்காக முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடர்ந்த கிரிமினல் வழக்கில் பத்திரிகையாளர் பிரியா ரமணி உண்மை, பொதுநலன் என்ற வாதத்தில் நின்றார். பல வருடம் கழித்துப் பேசினார் என்பதற்காக அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது என்று 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில் கலையாமல் நிற்கும் சாட்சியமும் ஆதாரம்தான். ஆனால் அப்படி ஏற ஒருவர் தயாராக இருக்க வேண்டும். பெயர் வெளியே வராது என்று நீங்கள் வாக்குக் கொடுத்த ஆளை நம்பி எழுதியிருந்தால், உண்மை வாதம் உங்களை ஒரு மோசமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்: வாக்கை மீற வேண்டும், அல்லது வழக்கைத் தோற்க வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் உண்டு. சிவில் வழக்கில் உண்மை மட்டும் போதும். கிரிமினல் வழக்கில் போதாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499வது பிரிவில் இருந்ததும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவில் இருப்பதும் ஒன்றுதான்: உண்மையாக இருக்க வேண்டும், அதை வெளியிடுவது பொது நன்மைக்கானதாகவும் இருக்க வேண்டும். தண்டனை இரண்டு ஆண்டு வரை போகலாம். கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இங்கிலாந்து தன் கிரிமினல் அவதூறையே 2010இல் ஒழித்துவிட்டது. நமக்குக் கொடுத்தவர்கள் தூக்கிப் போட்டதை நாம் இன்னும் வைத்துக்கொண்டிருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆக, பொது வாழ்வில் உள்ளவரின் அலுவலைப் பற்றி எழுதியிருந்தால் இந்த இரண்டாவது நிபந்தனை பெரும்பாலும் சுலபம். அவருடைய வீட்டு விஷயத்தை எழுதியிருந்தால் சிக்கல்.

வீட்டு விஷயம் என்றால் உண்மை வாதமே செல்லாமல் போகலாம். அவதூறுக்கு உண்மை பதில். அந்தரங்க மீறலுக்கு அது பதில் ஆகாது. மாடல் நவோமி கேம்ப்பெல் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுவதை டெய்லி மிரர் எழுதியது உண்மைதான். சிகிச்சை விவரத்தையும் படத்தையும் போட்டதற்காக 2004இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் அந்தப் பத்திரிகை தோற்றது.

கருத்து என்ற வாதம் உண்மை வாதத்துக்கு நேர்மாறானது. செலவு குறைவு, பாதுகாப்பு அதிகம். ‘இந்த அமைச்சர் இந்தத் துறைக்குத் தகுதியில்லாதவர்’ என்பது கருத்து. அதை நிரூபிக்கச் சொல்ல முடியாது. கருத்துக்கு அடியில் இருக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், நீங்கள் அதை மனதார நம்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ‘என் கருத்துப்படி அவர் திருடர்’ என்று எழுதுவதால் தகவல் கருத்தாக மாறிவிடாது. 1990இல் மில்கோவிச் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. எல்லைக்கோடு எவ்வளவு வழுக்கும் என்பதற்கு இங்கிலாந்து அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங்கின் வழக்கு இருக்கிறது. முதுகெலும்பு வைத்தியர்கள் சங்கம் ஒன்று ஆதாரமில்லாத சிகிச்சைகளை ஊக்குவிக்கிறது என்று அவர் 2008இல் எழுதினார். அது தகவல், நிரூபியுங்கள் என்றார் முதல் நீதிபதி. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது கருத்து என்றது; சங்கம் வழக்கை வாபஸ் வாங்கியது. ஒரே வாக்கியம்தான். நடுவில் கழிந்த இரண்டு வருடமும் சிங்குடையது.

மூன்றாவது வழிதான் என் பார்வையில் பொது மனிதர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்காகவே உண்டானது. ‘ஒருவேளை நான் எழுதியதில் பிழை இருக்கலாம், ஆனால் பொறுப்போடு விசாரித்துத்தான் எழுதினேன்’ என்பது அதன் சாரம். இது எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் உண்மை வாதத்தின் பலவீனமும் தெரியும். 1960 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு ஆதரவாக ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. மார்ட்டின் லூதர் கிங் ஏழு முறை கைதானதாக அதில் இருந்தது. உண்மையில் நான்கு முறை. மாணவர்கள் பாடிய பாட்டு எது என்பதில் தவறு. போலீஸ் கல்லூரியைச் ‘சூழ்ந்தது’ என்று இருந்தது. பெரும் படை வந்தது உண்மை, ஆனால் சூழவில்லை. விளம்பரத்தில் பெயர்கூட இல்லாத மான்ட்கோமரி நகர ஆணையர் சல்லிவனுக்கு அலபாமா ஜூரி 5 லட்சம் டாலர் கொடுத்தது. சில்லறைப் பிழைகள் இருந்ததால் உண்மை வாதம் அங்கே எடுபடவில்லை. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. பொய் என்று தெரிந்தே எழுதினார், அல்லது பொய்யா மெய்யா என்று கவலையே படாமல் எழுதினார் என்று அரசு அதிகாரி நிரூபித்தால் ஒழிய அவருக்கு நஷ்டஈடு கிடையாது என்றது. 1967இல் இதுவே மற்ற பிரபலங்களுக்கும் நீண்டது.

இந்தியாவில் இதன் நிழல் 1994இல் விழுந்தது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது அதன் ஆசிரியர் ராஜகோபால் தொடர்ந்த வழக்கில், பொது ஊழியரின் பணி சம்பந்தமாக எழுதினால் அது உண்மை என்று நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான அளவு சரிபார்த்தபின் எழுதினேன் என்று காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மிகப் பெரிய வரம் இது. ஆனால் எல்லை உண்டு: அது பணி சம்பந்தப்பட்டதற்குத்தான், நடிகருக்கோ தொழிலதிபருக்கோ அப்படியே பொருந்தும் என்று நம்பி இறங்கக் கூடாது. கிரிமினல் வழக்கில் இதைக் காட்டித் தப்பலாம் என்றும் இருக்கக் கூடாது. அங்கே நல்லெண்ணம் என்பதற்குப் போதிய கவனம், அக்கறை என்று தனி இலக்கணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1999இல் முன்னாள் அயர்லாந்துப் பிரதமர் ரெனால்ட்ஸ் வழக்கில் இந்த வாதம் உருவாகி, 2013 அவதூறுச் சட்டத்தின் நான்காவது பிரிவில் உட்கார்ந்தது.

இரண்டு வாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோதானது இங்கிலாந்துப் பத்திரிகையாளர் கரோல் கட்வாலடரின் வழக்கு. 2019இல் ஒரு மேடைப் பேச்சில் தொழிலதிபர் அரோன் பேங்க்ஸைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். அவர் சொல்ல நினைத்ததைவிடக் கடுமையான பொருளை நீதிமன்றம் அதற்கு நிர்ணயித்தது. அந்தப் பொருளில் நிரூபிக்க முடியாது என்பதால் உண்மை வாதத்தைக் கைவிட்டு, பொதுநலன் வாதத்தில் நின்றார். 2022இல் ஜெயித்தார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பகுதியை மாற்றியது: 2020 ஏப்ரல் இறுதியில் பேங்க்ஸ் மேல் ஆதாரமில்லை என்று அதிகாரபூர்வமாகத் தெரிந்த பிறகும் பேச்சு இணையத்தில் தொடர்ந்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 35,000 பவுண்ட் நஷ்டஈடு விதித்தது. உண்மை வாதம் என்றைக்கும் உண்மை. சரிபார்த்தேன் என்ற வாதம், புதுத் தகவல் வரும் நாள் வரைக்கும்தான். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் தன் பழைய கட்டுரையைக் கைவிடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

திருத்தம் வெளியிடுவதைத் தோல்வியாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2017இல் அமெரிக்க அரசியல்வாதி சாரா பேலினைப் பற்றித் தவறாக எழுதிய நியூயார்க் டைம்ஸ் மறுநாளே திருத்தியது. 2022இலும் 2025இலும் இரண்டு ஜூரிகள் பத்திரிகை பக்கமே முடிவு சொன்னார்கள். தவறு தெரிந்தவுடன் திருத்தினால், வேண்டுமென்றே எழுதினார்கள் என்று நிறுவுவது எதிர்த்தரப்புக்குக் கஷ்டம். ஆனால் உண்மையான வாக்கியத்தை நோட்டீஸுக்குப் பயந்து ‘திருத்துவதை’ மட்டும் செய்யாதீர்கள். அது அடுத்து எழுதப் போகிறவரின் கழுத்திலும் கயிறு.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன். கட்டுரையை அச்செடுத்து, மூன்று நிறப் பென்சிலோடு உட்காருவேன். ஆவணமோ கூண்டேறும் சாட்சியோ உள்ள வாக்கியத்துக்குப் பச்சை. கருத்துக்கு நீலம். பெயர் சொல்ல முடியாதவர் சொன்னதற்கும் ஊகத்துக்கும் சிவப்பு. நோட்டீஸ் குறிவைக்கும் வாக்கியம் பச்சையில் இருந்தால் உண்மை வாதத்தில் தயங்காமல் நிற்பேன். அதில் இன்னொரு லாபமும் உண்டு: உண்மை என்று நிரூபிக்கப் போகிறேன் என்பவரின் எழுத்தை விசாரணைக்கு முன்பே தடை செய்யக் கோர்ட்டுகள் தயங்கும். 1891இன் பொன்னார்ட் வழக்கிலிருந்து வரும் இந்த வழக்கத்தை 2024இல் ப்ளூம்பெர்க் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் நினைவூட்டியது. சிவப்பில் இருந்தால், அது உண்மை என்று எனக்கு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், உண்மை வாதத்தை எடுக்க மாட்டேன். எடுத்துத் தோற்றால், அவதூறைக் கோர்ட்டிலும் வந்து திரும்பச் சொன்னார் என்று நஷ்டஈடு கூடும். அங்கே சரிபார்த்த குறிப்புகளை வைத்துப் பொதுநலன் வாதத்தில் நிற்பேன். இரண்டையும் சேர்த்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது; ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் பிரித்துத்தான் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் எல்லாவற்றுக்கும் வைத்தால் நீதிபதிக்கு நம் மேல் நம்பிக்கை போய்விடும்.

அப்புறம், நோட்டீஸில் இருக்கும் ஏழு நாள் பெரும்பாலும் சட்டம் வைத்த கெடு இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் வைத்தது. அதற்குள் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். ஆனால் அந்த நாட்களில் முதல் வேலை பதில் எழுதுவது இல்லை. யாரிடம் எப்போது பேசினீர்கள், என்ன கேட்டீர்கள், சம்பந்தப்பட்டவருக்குக் கேள்வி அனுப்பிய மின்னஞ்சல் எந்தத் தேதியில் போனது, ஆவணத்தை எந்த அலுவலகத்தில் வாங்கினீர்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். போனில் இருக்கும் எதையும் அழிக்காதீர்கள். உங்களுக்கு எதிராகப் போகும் என்று நினைப்பதையும்தான்.